'யாருமில்லை' என்றவர்கள் எத்தனை பேர்?

கடந்த 6 மாதங்களில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யார் யாரிடம் பேசினீர்கள்? அவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் உறவு வலையின் ஒரு பகுதி இதோ உங்கள் கையில்!

அமெரிக்காவின் பொதுச் சமூகக் கணிப்பில் இதே கேள்வி 1985ஆம் ஆண்டில் கேட்கப்பட்டது. ஒருவர் சராசரியாக 3 பேரைக் குறிப்பிட்டார். 'யாருமில்லை' என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேர். 2004ஆம் ஆண்டில் மீண்டும் கேட்டபோது சராசரி 2 ஆகக் குறைந்தது. 'யாருமில்லை' என்றவர்கள் நூற்றுக்கு 25 பேர் ஆயினர்! 2006ஆம் ஆண்டில் மில்லர் மக்பெர்சனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இதை வெளியிட்டபோது, மக்கள் தனிமையில் வாடுகிறார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின.

ஆனால் கிளாட் பிஷர் என்ற சமூகவியலார் ஐயம் கொண்டார். தரவுகளை ஆராய்ந்தபோது, விடையே இல்லாத 41 பேர் 'பூச்சியம்' எனத் தவறாகப் பதியப்பட்டிருந்தது தெரிந்தது. மிகுதி எண்ணிக்கைக்கும் காரணம் தேட வேண்டியிருந்தது. பேட்டி எடுத்தவர்களுள் சிலரிடம் மட்டும் 'யாருமில்லை' என்ற விடை அளவுக்கு மீறி வந்திருந்ததை 2013ஆம் ஆண்டில் வேறு இரு ஆய்வாளர்கள் காட்டினர். குறை மக்களிடமா, கணிப்பிலா என்பதே கேள்வி ஆயிற்று.

நேரில் அமர்ந்து கேட்டபோதே இந்த நிலை என்றால், இணையத்தில் கேட்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும்! பெயர்களைக் கேட்டபின், அவர்களுள் யார் யாரை அறிவார் என்றும் கேட்கிறோம். 5 பேருக்கு 10 இணைகள். 20 பேருக்கோ 190 இணைகள்! விடையளிப்பவர் சலித்துப் பாதியில் நிறுத்திவிடுவார். திரையில் எத்தனை கட்டங்கள் தெரிகின்றனவோ, அதைப் பொறுத்தும் அவர் தரும் பெயர்களின் எண்ணிக்கை மாறும்.

ஆகவே, வந்த விடைகளை அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் துப்புரவு செய்ய வேண்டும். 'அக்கா' என்று ஓரிடத்திலும் அவர் பெயரை வேறிடத்திலும் எழுதியிருந்தால் ஒரே ஆளை இருவராக எண்ணிவிடுவோம். சிலர் தம் பெயரையே எழுதுவர். சிலர் வேடிக்கைப் பெயர்களை எழுதுவர். எல்லாவற்றையும்விட முக்கியம், வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு என்பது. 'ஒருவரும் இல்லை' என்று தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டம் தந்தால் இக்குழப்பம் பெரிதும் நீங்கும். நீக்கியவை, திருத்தியவை அனைத்தையும் குறித்து வைக்கவும் வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உங்கள் தாளில் உள்ளவர்கள் தங்களைப் பற்றிச் சொல்ல அனுமதி தந்தவர்கள் அல்லர். எனவே பெயர்களை நீக்கி எண்களை இடுவதே முறை.

இப்போது அந்தத் தாளை மறுபடியும் பாருங்கள். யாரையாவது விட்டுவிட்டீர்களா?