கிட்டாரைப் பக்கவாட்டில் பாருங்கள்

மின்கிட்டார் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், வடிவத்தைப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் திருப்பித் தடிமனைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கருவி வளர்ந்த கதை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1949இல் வெளியிட்ட இஎஸ்-175 கிட்டாரின் உடல் ஏறக்குறைய 86 மில்லிமீட்டர் ஆழம். உள்ளே வெறும் கூடு. மேடையில் ஆம்ப்ளிஃபயரின் சத்தம் கூடக்கூட அந்தக் கூடும் அதிர்ந்தது. அந்த அதிர்வை, கம்பிகளின் அசைவை மின்குறிகையாக மாற்றும் பிக்கப் பிடித்து மறுபடியும் ஆம்ப்ளிஃபயருக்கே அனுப்ப, காதைத் துளைக்கும் ஊளை எழுந்தது. 1955இல் கிப்சன் வெளியிட்ட பைர்ட்லேண்ட் கிட்டாரின் உடல் சுமார் 57 மி.மீ. ஆக மெலிந்தது. 1958இல் வந்த இஎஸ்-335 இன்னும் மெலிந்தது. தடிமன் ஏறத்தாழ 4 செ.மீ.தான். அதன் நடுவே நீளமாக ஒரு மரக்கட்டையையும் பொருத்தியதால் ஊளை பெருமளவு அடங்கியது.

கூடே இல்லாத முழுமரக் கிட்டாரில் பிரச்சினை வேறு: எடை. 1952இல் வந்த லெஸ் பால், மஹோகனி மரத்தின் மேல் மேப்பிள் பலகை ஒட்டிய கனமான கருவி. 1961இல் கிப்சன் அந்த மேப்பிளை விட்டுவிட்டு, உடலைச் சுமார் 35 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கியது. கருவிக்குத் தன் பெயரைத் தந்த இசைக்கலைஞர் லெஸ் பாலுக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை. பின்னர் அவர் பெயர் நீங்கி, அது எஸ்ஜி ஆனது. தோள்வலி குறைந்தது, ஆனால் உடல் இலேசானதால், கையை எடுத்தால் கழுத்துப் பக்கம் கீழே சாயும் குறையும் சேர்ந்துகொண்டது.

ஃபெண்டர் நிறுவனம் வேறு வழியில் போனது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுமார் 44 மி.மீ. தடிமனை வைத்துக்கொண்டே, வயிறும் முழங்கையும் படும் இடங்களை மட்டும் செதுக்கியது. 1987இல் ஐபனீஸ் நிறுவனம் கொண்டுவந்த எஸ் வரிசையோ நடுவில் தடித்து, ஓரங்களில் மிக மெலிந்திருக்கும்.

தடிமன் மாறினால் உதிரிபாகமும் மாறும். லெஸ் பாலின் நீண்ட சுவிட்ச் எஸ்ஜியின் உடலுக்குள் அடங்காது. விலை குறைந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைகள் சிலவற்றின் உடல் மெலிது. அவற்றில் கம்பிகளின் சுருதியை அசைக்கும் ட்ரெமலோ அமைப்பின் பழைய அளவுக் கட்டையைப் பொருத்தினால் அது முதுகுப்புறம் துருத்தி நிற்கும்.

ஆகவே பாகம் வாங்கக் கடைக்குப் போகும்முன், உங்கள் கிட்டாரின் தடிமனை ஓர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.