மஞ்சள் ரோஜாவுக்காகக் காத்திருந்த ஓவியம்

ஜெர்மனியின் மெக்லென்பர்க் கோமகனுக்காக வரைந்துகொண்டிருந்த பூ ஓவியம் ஏன் இன்னும் முடியவில்லை என்பதற்கு, 1742-இல் ஆம்ஸ்டர்டாம் ஓவியர் யான் வான் ஹாய்சும் கடிதத்தில் எழுதிய காரணம் இது: போன வருடம் மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை.

அது சாக்கு அல்ல. அக்காலத்து ஓவியர்கள் பலர் முன்பே வரைந்து வைத்த மாதிரிகளைப் பார்த்து, ஒரே பூவைப் பல படங்களில் வைத்தார்கள். ஹாய்சுமுக்கோ உயிருள்ள பூ கண்முன் இருக்க வேண்டும். வசந்தத்தில் ட்யூலிப், கோடையில் ரோஜா என்று அந்தந்தப் பூ பூக்கும்வரை காத்திருந்து வரைந்தார். அவருடைய ஜாடியில் இருப்பது எந்தத் தோட்டத்திலும் ஒரே நாளில் பறிக்க முடியாத கொத்து. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள 'சுடுமண் ஜாடியில் பூக்கள்' ஓவியத்தில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளைக் குறித்திருக்கிறார்.

அவர் படங்களின் இதழ்களில் நிற்கும் நீர்த்துளிகளைப் பாருங்கள். துளிக்கென்று தனி நிறம் கிடையாது. வெளிச்சம் படும் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒளி ஊடுருவி வெளியேறும் எதிர்ப்பக்கம் மெல்லிய பளபளப்பு. அடியில் சிறு நிழல். இவ்வளவுதான், இதழின் மேல் துளி திரண்டு நிற்கிறது.

இந்த நுட்பங்களை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சொந்தச் சகோதரர்களைக்கூடத் தம் பட்டறைக்குள் அவர் விடவில்லையாம். விதிவிலக்காக அமைந்த மாணவி மார்கரெட்டா ஹாவர்மன். 1716-இல் அவர் வரைந்த பூ ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் பார்வையில், ஆசிரியரின் படங்களோடு தயங்காமல் பக்கத்தில் வைக்கத் தக்கது அது.

அந்தப் படத்தின் இலைகள் இன்று நீலம் பாய்ந்து தெரிகின்றன. அக்கால டச்சுப் பூ ஓவியங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். நீலத்தோடு தாவரச் சாயத்திலிருந்து எடுத்த மஞ்சளைச் சேர்த்துப் பச்சையை உண்டாக்கினார்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் பட்டுப்பட்டு வெளிறிப்போக, நீலம் மட்டும் தங்கிவிட்டது. ஓவியர் தீட்டியது நல்ல பசும் இலைதான்.

இரண்டு படங்களையும் அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். லண்டன் படத்தில் ஜாடிக்குக் கீழே முட்டைகளோடு ஒரு பறவைக்கூடு இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.