களைக்கும் விதைக்கும் நடுவே மூன்று வாரம்

அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் கோதுமையும் பார்லியும் விளையும் மேட்டு நிலங்களில் பலவும் சரிவானவை. உழுதால் மேல்மண் மழையோடு இறங்கிவிடும். அதனால் பலர் உழவையே விட்டார்கள். களைகளோடு, போன அறுவடையில் சிந்திய தானியம் முளைத்து நின்றதையும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்துக் கொன்றுவிட்டு, இரண்டு மூன்று நாளில் விதைத்தார்கள். வயல் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பார்லி முளைத்த பிறகு, ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் குட்டையாகி நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறி, முனை ஈட்டிபோல் கூராகியிருக்கும். ரைசோக்டோனியா என்னும் மண்பூஞ்சையால் வரும் வேரழுகல் அது.

மருந்து அந்தப் பயிரின் மேல் படவே இல்லை. மண்ணில் விழும் கிளைபோசேட்டின் பெரும்பகுதி மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழந்துவிடும். பிறகு நோய் எங்கிருந்து வந்தது?

செத்துக்கொண்டிருக்கும் களையின் வேரிலிருந்துதான். செடிகள் மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஷிகிமேட் வழியில் ஒரு நொதியை கிளைபோசேட் முடக்குகிறது. பூஞ்சையை எதிர்க்கும் வேதிப்பொருள்கள் பலவும், செல்சுவரை உரமாக்கும் லிக்னினும் அதே வழியில்தான் உருவாகின்றன. ஆக, களை பட்டினியால் மட்டும் சாவதில்லை, எதிர்ப்பையும் இழந்துவிடுகிறது. 1984இல் ஜோஹல், ரஹே என்ற இரு ஆய்வாளர்கள் பீன்ஸ் நாற்றுகளை வைத்து இதைக் காட்டினார்கள். சாதாரண மண்ணில் கிளைபோசேட் பட்ட நாற்றுகளின் வேர்களில் பித்தியம், ஃபியூசேரியம் என்னும் மண்நோய்க்கிருமிகள் புகுந்து அவற்றைச் சாகடித்தன. கிருமிநீக்கம் செய்த மண்ணில் அதே மருந்து வளர்ச்சியை நிறுத்தியதே தவிர, அவ்வளவு எளிதில் கொல்லவில்லை. களைக்கொல்லியின் பெயருக்குப் பாதிப் பங்கு மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளுக்கும் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிக் களைவேரில் பெருகிய பூஞ்சைக்குப் பக்கத்திலேயே பார்லியின் இளவேர் இறங்கினால் அடுத்த இரை அதுதான். ஆய்வாளர்கள் இதைப் பச்சைப் பாலம் என்கிறார்கள். ஸ்மைலி, ஆக், குக் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், தெளிப்புக்கும் விதைப்புக்கும் இடையே மூன்று வாரம் விட்டபோது வேரழுகல் குறைந்தது. இரண்டு மூன்று நாளாகச் சுருக்கியபோது நோய் கூடியது, விளைச்சலும் இறங்கியது. களைவேர் மட்கியதும் அங்கே மற்ற நுண்ணுயிர்கள் குடியேறி ரைசோக்டோனியாவை ஒடுக்கிவிடுகின்றன.

எல்லாக் களைக்கொல்லியும் இப்படி நோய்க்குத் துணைபோவதில்லை. சோயாவில் தெளிக்கும் லாக்டோஃபென் இலையைக் கொஞ்சம் கருக்கினாலும், அந்த அதிர்ச்சியில் செடி தன் எதிர்ப்புப் பொருளைச் சுரந்து வெள்ளைப் பூஞ்சண நோயைக் குறைத்துக்கொள்கிறது.

ஆனால் கிளைபோசேட் தெளித்து வசந்தத்தில் விதைப்பவருக்கு அந்த மூன்று வாரம் என்பது சின்ன விஷயமல்ல. மழை பார்த்து, ஈரம் பார்த்து விதைக்க வேண்டியவர் அத்தனை நாள் எப்படிக் காத்திருப்பார்? அதனால் முந்தைய இலையுதிர்காலத்திலேயே களையைக் கொன்றுவிடுபவர்கள் உண்டு. இன்னொரு வழி, விதைக்குழிக்குக் கீழே மண்ணைக் கொஞ்சம் கிளறிவிடும் கொழுமுனையை விதைப்புக் கருவியில் பூட்டுவது. பூஞ்சை இழைகள் அறுபட்டுப்போக, இளவேர் அந்த இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும்.