பழைய மோட்டார் வண்டியின் மெய்யான விலை

யானையைக் கட்டித் தீனி போடுதல் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல். யானையின் விலையை ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது; தீனியையோ நாடோறும் கொடுத்தல் வேண்டும். இக்காலத்து இளைஞர் பலருடைய உள்ளத்தைக் கவர்ந்து நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்னும் விரைவு வண்டியும் இத்தன்மையதே. அதனை வாங்க விழைவோர் விற்பவன் கூறும் விலையைப் பற்றிப் பலநாள் பேரம் பேசுவர். வாங்கிய பின்னர் ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய தொகையைப் பற்றி ஒரு நாழிகையும் எண்ணார். ஆதலின் அவ்வண்டியின் மெய்யான விலை யாது, அஃது எவ்வெவ் வழிகளால் வருகின்றது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

நம் சென்னைக்கு அயலானதன்று இவ்விஷயம். நகரின் தெற்கே வண்டலூரை அடுத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சிறிய குடும்ப வண்டி செய்யப்பட்டது. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனத்தார் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் திருத்தி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரட்டையிருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டனர். இரண்டிற்கும் உருவம் வகுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலாட்டி. எஞ்சினும் ஒரு குடும்பத்தது. முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பும் ஒன்றே. எனவே, சென்னையில் பிறந்த ஹெரால்டும் கடல் கடந்த ஸ்பிட்ஃபயரும் உடன்பிறந்தார் போல்வன. ஹெரால்டின் வழியே 1971இல் கஸல் என்னும் வண்டி வந்தது. 1988இல் ஸ்டாண்டர்டு வண்டிகளின் உற்பத்தியே நின்றுபோயிற்று. செய்தவன் மறைந்த பின்னரும் வண்டியை ஓட்ட விரும்புவோன் அடையும் செலவு எத்தகையது என்பதற்கு இக்குடும்பம் தக்க சான்றாகும்.

முதற்கண் உணர வேண்டுவது ஒன்றுண்டு. வண்டி மூப்படைய மூப்படைய அதன் விலை குறையும். அதனைப் பேணும் செலவோ குறைவதில்லை. ஒரு காலத்தில் செல்வர் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த ஜெர்மானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருபதாண்டு கழிந்தபின் புதிய சிறு வண்டியின் விலைக்குக் கிடைக்கலாம். ஆனால், அதன் பிரேக்குத் தகடும் கியர்ப்பெட்டியும் தம் பழைய குலப்பெருமையை விட்டு இறங்கிவருவதில்லை. வாங்குவோன் செலுத்துவது இன்றைய விலை. பழுதுபார்ப்போன் கேட்பதோ பிறந்த நாளின் தகுதிக்கேற்ற விலை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியாமையே பலருடைய துன்பத்திற்கு வித்தாகின்றது.

அரசாங்கத்தின் விதியும் இதனையே காட்டுகின்றது. சொந்த உபயோகத்திற்குரிய மோட்டார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்தாண்டிற்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட ஆணைப்படி, இருபதாண்டு கடந்த உள்நாட்டுக் காருக்குப் புதுப்பித்தற் கட்டணம் 10,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான காருக்கோ 80,000 ரூபாய். இரண்டும் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓடினும் கட்டணம் எட்டு மடங்கு வேறுபடுகின்றது.

ஐம்பது ஆண்டு கடந்து, தன் பழைய உருவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்கு 2021இல் தனி விதி ஏற்பட்டது. விண்டேஜ் வண்டி எனப் பதிவு செய்துகொள்ள 20,000 ரூபாயும், பத்தாண்டிற்குப்பின் மறுபதிவிற்கு 5,000 ரூபாயும் செலுத்தல் வேண்டும். அங்ஙனம் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்த்தல், பெட்ரோல் நிரப்புதல் முதலியவற்றிற்கே சாலையில் கொண்டுசெல்லலாம். நாடோறும் அலுவலகத்திற்கு ஓட்டிச் செல்லலாகாது. இத்தகைய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் பாதி தள்ளுபடியும் 2022ஆம் ஆண்டு விதியால் கிடைத்தது. சலுகை உண்டாயினும், அதனைப் பெறுவோன் ஓட்டும் உரிமையிற் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கின்றான் என்பதை மறத்தலாகாது.

இனி உதிரிப்பாகங்களை நோக்குவோம். ஹெரால்டு வைத்திருப்போர் இவ்வகையில் ஓரளவு நற்பேறு பெற்றவர். ஸ்பிட்ஃபயருக்கு இங்கிலாந்தில் அன்பர் பலர் இருத்தலின், அதற்குரிய பாகங்கள் அங்கு இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. அவற்றுட் பல ஹெரால்டிற்கும் பொருந்தும். எனினும், கப்பற் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தபின் சிறியதொரு ரப்பர் வளையமும் பெருவிலை பெறுகின்றது. உள்ளூரில் தேடுவோர் எழும்பூரை அடுத்த புதுப்பேட்டைக்கும், அண்ணா சாலையைச் சார்ந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் செல்வர். அங்கும் கிடையாதது லேத் பட்டறையிற் கடைந்தெடுக்கப்படல் வேண்டும்.

நம் நாட்டிலேயே 1998இல் வெளிவந்த சான் ஸ்டார்ம் என்னும் இரட்டையிருக்கை வண்டி இதற்கு மற்றொரு சான்று. அதன் எஞ்சின் ரெனோ நிறுவனத்தாரின் 1149 சி.சி. எஞ்சின், அந்நிறுவனத்தார் அதனைத் தம்முடைய சிறு வண்டிகளுக்கும் பயன்படுத்தினமையின் அதற்குரிய பாகங்களைத் தேடிப் பெறலாம். மேலுடலோ கண்ணாடியிழையால் தனியே வார்க்கப்பட்டது. அவ்வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டமையின், உடைந்த கதவையோ மூடியையோ கடையிற் கேட்டுப் பெறுதல் அரிது. கைத்திறம் வாய்ந்தவரைக் கொண்டு புதிதாக வார்த்தல் வேண்டும். இதனால் ஓர் உண்மை பெறப்படும். ஒரு வண்டி பிற வண்டிகளோடு பொதுவாகக் கொண்ட உறுப்புகள் செலவு குறைந்தவை. தனக்கே உரியனவாகக் கொண்ட உறுப்புகளே செலவு மிக்கவை. ஸ்போர்ட்ஸ் காரின் அழகோ பெரும்பாலும் அத்தனியுறுப்புகளிலேயே உள்ளது.

நிற்க. ராஜா அண்ணாமலைபுரம் போன்ற இடத்தில் வாழ்வோர்க்கு வேறொரு செலவும் உண்டு. கிழக்கே கடலும் தெற்கே அடையாற்றின் கழிமுகமும் சூழ்ந்த பகுதி அது. கடற்காற்றில் மிதந்துவரும் உப்புத் துகள்கள் இரும்பின்மேற் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. மழை பெய்யாத நாளிலும் தகடு நனைந்தே இருப்பதற்கு ஒப்பாகின்றது. துரு வெளியே தோன்றுவதன் முன் கதவின் அடியிலும், சட்டத்தின் உட்குழலிலும், தரைத்தகட்டின் மடிப்பிலும் தொடங்கிவிடும்.

ஸ்பிட்ஃபயர் போன்ற வண்டிக்கு இது வெறும் அழகுக் குறை அன்று. ஹெரால்டின் அடிச்சட்டத்தில் இருந்த பக்கவாட்டுக் கைகள் ஸ்பிட்ஃபயரில் நீக்கப்பட்டமையின், கதவிற்குக் கீழே நீண்டு செல்லும் பெட்டி போன்ற பகுதியே உடலின் வலிமையைப் பெரிதும் தாங்குகின்றது. அப்பகுதி துருவேறின் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்ததாகும். டிங்கரிங் வேலை செய்வோர் சிலர் ஓட்டையைப் பட்டி பூசி மறைத்து மேலே பெயிண்டு அடித்து விற்பதும் உண்டு. சிறு காந்தம் ஒன்றைத் துணியிற் சுற்றித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தால், இரும்பு உள்ள இடத்தில் அது பற்றும். பட்டி தடித்த இடத்தில் நழுவி விழும். இருபது ரூபாய்க் காந்தம் இலட்ச ரூபாய் இழப்பைத் தடுக்கக் கூடும். கண்ணாடியிழை உடலுக்கு இச்சோதனை பயன்படாது. அங்கு அடியிலுள்ள இரும்புச் சட்டத்தையே குனிந்து நோக்குதல் வேண்டும்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் செலவு இல்லை என்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்பினது. ஈரண்டிற்கு ஒருமுறை மாற்றாவிடின் உருளைகளின் உட்புறம் துருப்பிடித்து இறுகும். டயரின் வரிகள் தேயாதிருப்பினும் ரப்பர் ஆண்டு செல்லச் செல்ல உலர்ந்து வெடிக்கும். டயரின் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு அது செய்யப்பட்ட வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன. வாங்குவோர் வரியின் ஆழத்தோடு இவ்விலக்கத்தையும் பார்த்தல் நன்று. காற்றுப் புகாத தார்ப்பாயால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். திங்களுக்கு இருமுறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டி வருதலே ஏற்ற காப்பு.

எரிபொருளும் காலத்தோடு மாறிவிட்டது. முற்காலத்துப் பெட்ரோலில் ஈயச் சேர்க்கை இருந்தது. அது வால்வு வந்து அமரும் இடத்தைத் தேயாமற் காத்தது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே வழக்கிற்கு வந்தது. மக்கள் உடல்நலத்திற்கு அது பெருநன்மை. ஆயின், பழைய வார்ப்பிரும்புத் தலையுடைய எஞ்சின்களில், மிகு வேகத்தில் நெடுநேரம் ஓட்டின் வால்வு இருக்கை தேய்ந்து உள்வாங்கும்; கடினமான புது வளையங்களைப் பொருத்துவித்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் அடைப்புகளையும் கெடுக்கும், நீரையும் ஈர்க்கும். கசியும் குழாய் எஞ்சின் சூட்டிற்கு அருகில் இருப்பதனால் இது தீ விபத்திற்கும் இடமாகும். ஆகவே, பழைய வண்டி வாங்குவோர் முதல் வேலையாக எரிபொருட் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் புதியனவாக மாற்றிவிடுதல் கடமையாகும்.

சிறு கவனக்குறைவு பெருஞ்செலவாவதற்கு ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் ஆகிய இரண்டிலும் பொதுவாயுள்ள ஓர் உறுப்பைச் சுட்டுவோம். முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, ட்ரனியன் என்னும் வெண்கலத் துண்டினுள் திருகாணி போலப் பொருந்தியிருக்கும். வண்டி திரும்புந்தோறும் அத்தண்டு அதனுள் சுழலும். அங்குக் கிரீஸ் இடாது கியர் எண்ணெயே செலுத்தவேண்டும் என்பது செய்தவர் விதி. சக்கரம் ஒன்றிற்குச் சில நிமிடங்களில் முடியும் வேலை அது. எண்ணெயின் விலையும் அற்பம். அதனை விடுத்தால் உள்ளே நீர் புகுந்து திருகு துருப்பிடித்து இறுகும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் கவிழும். அதன்பின் வரும் செலவு பணத்தோடு நிற்பதன்று. உயிரும் அதில் அடங்கும். இவ்வுறுப்பின் இயல்பை அறிந்த மெக்கானிக்குகள் முதியவராகி வருகின்றனர். கம்ப்யூட்டரை இணைத்துக் குறை காணப் பயின்ற இளைஞர்க்குக் காதால் கேட்டுக் கார்புரேட்டரைச் சரிசெய்யும் பழக்கம் வாய்ப்பதில்லை. ஆதலின் நல்ல மெக்கானிக் ஒருவரைத் தேடிக்கொள்ளுதல் வண்டியைத் தேடுவதினும் முந்திச் செய்யவேண்டுவது.

இடமும் ஒரு செலவே. ராஜா அண்ணாமலைபுரத்தில் தோட்டமும் கார் கொட்டகையும் உடையவாயிருந்த பங்களாக்கள் பல அடுக்கு வீடுகளாக மாறிவிட்டன. வீட்டிற்கு ஒரு வண்டிக்கு இடம் கிடைப்பதே பெரிது. நிலத்தடிக் கொட்டகையில் வைப்போர் வெள்ளத்தையும் எண்ணுதல் வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சென்னையில் எண்ணிறந்த வண்டிகள் நீரில் மூழ்கின. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் உடையவன் தன் வண்டிக்கு ஒரு காசும் பெறான். முழு இன்ஷூரன்ஸ் எடுப்போனும், வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று கம்பெனியோடு முன்னரே எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிடின் ஏமாற்றமே அடைவான்.

இவற்றையெல்லாம் ஒரு கணக்காகத் தொகுத்துப் பார்ப்போம். உள்நாட்டிற் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 5,00,000 ரூபாய்க்கு ஒருவர் வாங்கினார் எனக் கொள்வோம். அத்தொகை 7 விழுக்காட்டில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி ஆண்டிற்கு 35,000. கொட்டகை வாடகை திங்களுக்கு 2,000 ஆக 24,000. இன்ஷூரன்ஸும் பதிவுக் கட்டணத்தின் ஓராண்டுப் பங்கும் 8,000. எண்ணெய், பாட்டரி, டியூனிங் முதலிய வழக்கமான பணிகள் 25,000. எஞ்சின், பெயிண்டு, டயர் முதலிய பெருவேலைகளுக்கென ஒதுக்குவது 60,000. ஆக 1,52,000 ரூபாய். ஆண்டிற்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைத்து, லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் பெட்ரோலுக்கு 20,000. மொத்தம் 1,72,000. மூன்றாண்டில் 5,16,000 ஆகின்றது. அஃதாவது, வண்டியை மற்றொரு முறை வாங்கியதற்கு ஒப்பாகும். இவை உதாரணத்திற்கு வைத்த எண்களே. அவரவர் நிலைக்கேற்ப மாறும். ஆயினும் இரண்டு செய்திகள் மாறா. பெட்ரோல் இக்கணக்கில் சிறியதொரு பங்கே. பெருவேலைகளுக்கென ஒதுக்கும் தொகையே மிகப் பெரிது. அதனையே பெரும்பாலோர் ஒதுக்குவதில்லை.

இவ்வாறு கூறியதனால் பழைய வண்டியை விரும்புதல் தவறென்பது நம் கருத்தன்று. எஞ்சினின் உயிர்ப்பைக் கையாலும் காதாலும் உணர்ந்து ஓட்டும் இன்பமும், தன் கையாலேயே பழுது நீக்கும் தேர்ச்சியும், சென்னையிற் பிறந்த ஒரு தொழிலின் நினைவைக் காப்பதும் மதிக்கத் தக்கனவே. ஆனால், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுபவன் அவ்வின்பத்தை நெடுநாள் துய்க்கமாட்டான். கல்லூரி விட்டு முதற் சம்பளம் பெறும் நம் இளைஞர்க்கு நாம் சொல்லக்கூடியது இது: கையிலுள்ளதில் பாதிக்குக் கிடைக்கும் வண்டியைத் தேடுக, மற்றைப் பாதியை முதலாண்டுப் பழுதுகளுக்கென வைத்திடுக. கடன் வாங்கி அதனை வாங்கற்க. காய்ந்த இடமும், அறிந்த மெக்கானிக்கும், அவ்வொதுக்குத் தொகையும் ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே விற்பவன் வாயிலுக்குச் செல்க. அங்ஙனம் செல்வோர்க்குப் பழைய வண்டி பல்லாண்டு துணையாய் உழைக்கும்.