வானிலைச் செய்தியும் மறைமொழியும்

காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை, மேகத்தின் அளவு ஆகியவற்றைக் குறித்த வேளையில் அளந்து, குறித்த வரிசையில் எண்களாகச் சுருக்கித் தந்தியில் அனுப்புவது வானிலை நிலையங்களில் நெடுங்காலம் நிலவிய முறையாகும். இம்முறையின் சிறப்பு அதன் மாறாத ஒழுங்கே. போர்க்காலத்தில் அவ்வொழுங்கே பகைவனுக்குத் துணையாய் முடிவதும் உண்டு. பிரிட்டனின் உளவுத்துறை வரலாற்றில் இதற்குத் தெளிவானதொரு சான்று காணப்படுகிறது.

கம்பியும் காற்றும்

கம்பியில் செல்லும் தந்தியை ஒட்டுக்கேட்க விரும்புவோர் அக்கம்பியை அணுகியாக வேண்டும். ரேடியோச் செய்தியோ வாங்கிக் கருவி உடைய எவர்க்கும் பொது. 1914 ஆகஸ்டு 5-ஆம் நாள், போர் தொடங்கிய சில மணி நேரத்திற்குள், பிரிட்டிஷ் கப்பலொன்று கடலடியிற் கிடந்த ஜெர்மானியத் தந்திக் கம்பிகளை அறுத்தெறிந்தது. அதன்பின் ஜெர்மனி கடல்கடந்த செய்திகளுக்கு ரேடியோவையும் பிறநாட்டுக் கம்பிகளையும் நம்ப வேண்டியதாயிற்று. அதே மாதத்தில் 'மாக்டிபர்க்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் பால்டிக் கடலில் தரைதட்டியது. அதிலிருந்த சங்கேத நூல்கள் ரஷ்யர் கைக்கு வந்தன. ஒரு படியை அவர்கள் லண்டனுக்கு அனுப்பிவைத்தனர். கப்பற்படைத் தலைமையகத்தின் 40-ஆம் எண் அறையில் அமர்ந்த ஒரு சிறு குழுவினர் அந்நூலைக்கொண்டு பணியைத் தொடங்கினர். மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகத் தூண்ட ஜெர்மானிய வெளிநாட்டமைச்சர் சிம்மர்மன் 1917 ஜனவரியில் விடுத்த இரகசியத் தந்தியைப் படித்தறிந்தவர்களும் இவர்களே. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதற்கு அத்தந்தியும் ஒரு காரணமாயிற்று.

இத்தகைய வெற்றி வாய்மூடி இருப்போர்க்கே நிலைக்கும். 1923-இல் வெளிவந்த போர் வரலாற்று நூல்கள் இச்செய்தியை வெளிப்படுத்திவிட்டன. தங்கள் செய்திகள் படிக்கப்பட்டதை அவற்றின் வாயிலாக அறிந்த ஜெர்மானியர் நூல்களை விடுத்து இயந்திரத்தை நாடினர். 'எனிக்மா' என்னும் மறைமொழிப் பொறியை 1926-இல் கப்பற்படையும், 1928-இல் தரைப்படையும் மேற்கொண்டன.

பொறியும் அதன் குறையும்

எனிக்மா, தட்டச்சுப் பொறி போன்ற தோற்றமுடையது. ஓர் எழுத்தை அழுத்தினால் மின்சாரம் மூன்று சுழல் சக்கரங்களின் வழியே சென்று, எதிரொளிப்பான் போன்றதொரு தட்டினால் திருப்பப்பட்டு, வேறோர் எழுத்தின் விளக்கை ஏற்றும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சக்கரம் ஒரு படி நகர்வதால், அதே எழுத்தை மீண்டும் அழுத்தினாலும் வேறு விளக்கே எரியக்கூடும். ஐந்து சக்கரங்களுள் மூன்றைத் தேர்ந்து, முன்புறத்துச் செருகுகம்பிகளையும் மாற்றியமைத்தால், தரைப்படைப் பொறியின் அமைப்புகள் 159-க்குப் பின் 18 சுழிகள் இட்ட எண்ணை எட்டும்.

இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டு மலையாதவர்கள் போலந்து நாட்டினர். பொஸ்னான் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற மரியன் ரெயெவ்ஸ்கி, 1932 டிசம்பரில் சக்கரங்களின் உட்கம்பி இணைப்பைக் கணிதத்தாலேயே கண்டறிந்தார். பிரெஞ்சு உளவாளர் பெற்றுத்தந்த சில ஆவணங்கள் அவருக்குத் துணைசெய்தன. 1939 ஜூலையில், போர் மூள்வதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், போலந்து நாட்டினர் தம் ஆய்வு முழுவதையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்துவிட்டனர். பின்னாளைய பிரிட்டிஷ் வெற்றிகளைப் பற்றிப் பேசுவோர் இக்கொடையை மறந்துவிடுவது பொருந்தாது.

பிரிட்டனின் பணி லண்டனுக்கு வடமேற்கே பிளட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் நடைபெற்றது. போர் முடியுந் தறுவாயில் அங்குப் பணியாற்றியோர் ஏறத்தாழ 9,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஜப்பானியச் செய்திகளைக் கவனிக்கும் கிளை நிலையமொன்று டில்லியில் இயங்கியது. ஆலன் டூரிங்கும் கார்டன் வெல்ச்மனும் வகுத்த 'பாம்' என்னும் பொறி, எனிக்மாவின் அமைப்புகளை விரைந்து சோதித்துத் தள்ளவல்லது. ஆயினும் செய்தியில் இருக்கக்கூடிய சொற்கள் சிலவற்றை முன்கூட்டி ஊகித்துத் தந்தாலன்றி அது இயங்காது.

இவ்வூகத்துக்கு உதவியது எனிக்மாவின் குறை ஒன்று. எந்த எழுத்தும் அதில் தானாகவே வெளிவராது. இதனை வகுப்பறையில் எளிதிற் காட்டலாம். பொருளற்ற எழுத்துக்களை ஒரு நீண்ட வரியாக எழுதி, ஊகித்த சொல்லைத் தனித் தாளில் அதே இடைவெளியுடன் எழுதி, அத்தாளை வரியின் கீழ் ஓரெழுத்து ஓரெழுத்தாக நகர்த்த வேண்டும். மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்ப்படும் இடங்களிலெல்லாம் அச்சொல் இருக்கவியலாது. சொல் நீளுந்தோறும் விலக்கப்படும் இடங்கள் பெருகுவதை மாணவர் தாமே காண்பர்.

கடலிலிருந்து வந்த நூல்

ஊகத்துக்கு ஏற்ற செய்தி எது? வானிலைச் செய்தியே. அட்லாண்டிக் கடலில் திரிந்த ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தாம் கண்ட வானிலையை ஒரு சுருக்க நூலின் உதவியால் சில எழுத்துக்களாக்கி, எனிக்மாவில் மறைத்துக் கரைக்கு அனுப்பின. கரை நிலையம் அதே விவரங்களை வேறொரு வானிலைச் சங்கேதத்தில் மறுபடியும் ஒலிபரப்பியது. இந்த இரண்டாவது சங்கேதத்தைப் பிரிட்டிஷார் முன்னரே படிக்கக் கற்றிருந்தனர். ஆகவே செய்தியின் பொருள் அவர்களுக்குத் தெரியும். சுருக்க நூலும் கையிலிருந்தால், நீர்மூழ்கி எனிக்மாவில் அழுத்திய எழுத்துக்கள் இன்னவை என்றும் கூறிவிடலாம். 1941-இல் கைப்பற்றிய நூலைக்கொண்டு அவ்வாறே செய்தனர்.

1942 தொடக்கத்தில் ஜெர்மானியர் சுருக்க நூலைப் புதுப்பித்தனர். பிப்ரவரி 1 முதல் அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நான்காவது சக்கரமும் சேர்ந்தது. பிளட்ச்லியில் இருள் சூழ்ந்தது. அவ்விருள் பத்து மாதம் நீடித்தது. நவம்பரில் மட்டும் நீர்மூழ்கிகள் 7 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. இழப்பு முழுவதற்கும் இதுவே காரணமெனல் மிகை. எனினும் எதிரி எங்கிருக்கிறான் என்பதை அறியாமலே சரக்குக் கப்பல் கூட்டங்கள் சென்றன.

1942 அக்டோபர் 30-ஆம் நாள் இரவு, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில், 'பெட்டார்டு' முதலிய பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் நெடுநேரம் துரத்திய யு-559 என்னும் நீர்மூழ்கி மேலே வந்தது. மாலுமிகள் அதைக் கைவிட்டுக் கடலிற் குதித்தனர். பெட்டார்டின் அதிகாரி அந்தோணி பாசனும், மாலுமி காலின் கிரேசியரும் நீந்திச்சென்று, நீர் புகுந்துகொண்டிருந்த அக்கப்பலுக்குள் இறங்கினர். சிற்றுண்டிச்சாலைப் பணியாளனான டாமி பிரவுன் என்ற 16 வயதுச் சிறுவனும் அவர்களோடு சேர்ந்து, அவர்கள் எடுத்துக்கொடுத்த ஏடுகளை ஏணிவழியே மேலே கொண்டுவந்தான். மற்ற இருவரும் உள்ளே இருக்கையிலேயே நீர்மூழ்கி திடீரென அமிழ்ந்தது. சிறுவன் மட்டும் தப்பினான்.

அந்த ஏடுகளுள் ஒன்று வானிலைச் சுருக்க நூலின் புதிய பதிப்பு. நவம்பர் 24-இல் அது பிளட்ச்லியை அடைந்தது. ஆராய்ந்தபோது வியப்பான உண்மையொன்று புலனாயிற்று. கரையிலுள்ள வானிலை நிலையங்களின் பொறிகளில் மூன்று சக்கரங்களே இருந்தமையால், வானிலைச் செய்தி அனுப்புகையில் நீர்மூழ்கிகள் நான்காவது சக்கரத்தைச் செயலற்ற நிலையில் வைத்தே அனுப்பின. மூன்று சக்கரங்களின் அமைப்பு வானிலைச் செய்தியால் தெரிந்தபின், மற்றச் செய்திகளுக்கு நான்காவதன் 26 நிலைகளையே சோதிக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 13-இல் மறைமொழி மீண்டும் படிக்கப்பட்டது.

பாசனுக்கும் கிரேசியருக்கும் மறைவுக்குப்பின் ஜார்ஜ் சிலுவையும், பிரவுனுக்கு ஜார்ஜ் பதக்கமும் வழங்கப்பெற்றன. அவர்கள் மீட்டது என்ன என்பது அப்போது வெளியிடப்படவில்லை. 1923-இல் நேர்ந்த தவறு இம்முறை நிகழவில்லை. பிளட்ச்லியின் பணி 1974 வரையில் பொதுமக்களுக்கு மறைபொருளாகவே இருந்தது. பிரவுனோ 1945-இலேயே, தீப்பற்றிய தன் வீட்டில் தங்கையைக் காக்க முயன்று உயிர்நீத்தான்.