தட்டில் உறங்கும் குளம்பொலி

உங்கள் கையில் ஓர் ஒலித்தட்டைக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறம். குறுக்களவு 16 அங்குலம், அதாவது 40 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு நல்ல தாம்பாளத்தின் அளவு. நடுவில் ஒட்டிய காகிதத்தில் பேனாவால் எழுதிய ஒரு தேதி, ஆண்டு 1938. அதன் கீழே ஓர் அமெரிக்க வானொலி நாடகத்தின் பெயர். தட்டின் மேல் ஆங்காங்கே மாவு தூவினாற்போல் வெள்ளைப் படிவு. விளிம்பில் ஒரு விரிசல். இந்த நாடகத்துக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. இதைச் சுழலவிட்டு ஊசியை வைத்துக் கேட்கலாமா, கூடாதா?

விளையாட்டுக் கேள்வியன்று. அமெரிக்காவில் பழைய வானொலி நிலையங்களின் கிடங்குகளிலிருந்தும், பொறியாளர்கள், நடிகர்கள் வீட்டுப் பரண்களிலிருந்தும் இத்தகைய தட்டுகள் வெளிவரும்போதெல்லாம் ஒருவர் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். விடை தவறினால் ஒரு குரல் என்றென்றைக்கும் போய்விடும்.

முதலில் அந்த நாடகங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதி, புழுதி, குதிரை, கொள்ளையர், துப்பாக்கி. தொலைக்காட்சி பரவுவதற்கு முன் அந்த உலகம் வானொலியில் வாழ்ந்தது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது 'லோன் ரேஞ்சர்'. 1933 ஜனவரிக் கடைசியில் டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இஸட். என்ற நிலையத்தில் தொடங்கியது. முகமூடி அணிந்த வீரன், அவன் தோழன் டோண்டோ, 'சில்வர்' என்ற வெள்ளைக் குதிரை. வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே குதிரை ஓடுவதைக் காதுக்குக் காட்ட வேண்டும். வானொலி நிலையங்களில் கொட்டாங்கச்சிகளைத் தட்டி ஓட்டத்தை உண்டாக்கினார்கள். டெட்ராய்டுக்காரர்களோ, அடைப்பு எடுக்க உதவும் கைப்பிடி போட்ட ரப்பர் கிண்ணங்களைச் சரளைக்கல் தட்டில் குத்தி ஓட்டினார்கள். எதிரே நடிகர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசுவார்கள். எல்லாம் நேரடி ஒலிபரப்பு. பேசி முடித்தால் பேச்சு காற்றோடு போயிற்று.

பெரிய வானொலி வலையமைப்புகள் பதிவு செய்ததை ஒலிபரப்புவதையே வெகுகாலம் விரும்பவில்லை. கிழக்குக் கரையில் ஒரு முறை நடித்த நிகழ்ச்சியை, நேர வேறுபாட்டுக்காக மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கு மறுபடி நடித்ததும் உண்டு! அப்படியானால் நம் கையில் இருக்கும் தட்டு எப்படி வந்தது? வணிகத்தால் வந்தது. கம்பி இணைப்பு எட்டாத தொலைதூர நிலையங்களுக்கு நாடகத்தை விற்க வேண்டும். அதற்காக 1938 முதல் லோன் ரேஞ்சரை ஒழுங்காகத் தட்டில் பதிந்தார்கள். வருங்காலத்துக்குச் சேமிக்க வேண்டும் என்று எண்ணிப் பதிந்ததாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், வாரம் மூன்று என்று கணக்கிட்டால், எழுநூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள். 1937 கடைசியில் பதிவான ஒன்றிரண்டைத் தவிர, அவற்றின் ஒலி இன்று நம்மிடம் இல்லை. தொடக்க நாட்களில் வீரனாகப் பேசிய ஜார்ஜ் ஸீட்டன் பின்னாளில் ஹாலிவுட்டின் பெயர்பெற்ற இயக்குநர் ஆனார். அவர் எடுத்த படங்களை நாம் பார்க்கலாம். வீரனாக அவர் பேசிய பேச்சைக் கேட்க முடியாது.

450 மீட்டர் நீளப் பள்ளம்

தட்டில் குரல் எப்படி இருக்கிறது? ஒரு நீண்ட சுருள் பள்ளமாக இருக்கிறது. மைக்கின் மின்னோட்டம் ஒரு வெட்டும் ஊசியை இடமும் வலமுமாக அசைக்கிறது. கீழே தட்டு சுழல்கிறது. நேராகப் போக வேண்டிய பள்ளம் நெளிந்து நெளிந்து போகிறது. அந்த நெளிவுதான் குரல்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நம் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழல்கிறது. ஒரு பக்கம் 15 நிமிடம் ஓடும். ஆக 500 சுற்று. பள்ளத்தின் வெளிச்சுற்று மையத்திலிருந்து 19 செ.மீ. தொலைவில் இருந்தால், அங்கே ஊசிக்குக் கீழே தட்டு வினாடிக்கு ஏறத்தாழ 66 செ.மீ. ஓடுகிறது. உள்ளே 9.5 செ.மீ. தொலைவில் அதில் சரிபாதி, 33 செ.மீ. சராசரி 50 என்று கொண்டால், 900 வினாடிக்கு 450 மீட்டர். ஒரு விளையாட்டுத் திடலை ஒரு முறை சுற்றி வரும் தூரம் அந்த ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது.

5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஓர் ஒலி, வெளிச்சுற்றில் 0.13 மி.மீ. நீளத்தில் ஒரு நெளிவைப் போடும். உள்சுற்றில் அதே ஒலிக்கு 0.066 மி.மீ. தான் இடம். நெளிவுகள் நெருக்கப்படுவதால் உள்சுற்றில் உச்ச ஒலிகள் மங்கிவிடும். அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கம் வேண்டுமே. முதல் தட்டு மங்கலாக முடிந்து அடுத்தது 'பளிச்'சென்று தொடங்கினால் கேட்பவருக்கு உறுத்தும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் தட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டுவார்கள். அடுத்ததை உள்ளிருந்து வெளியே வெட்டுவார்கள். மங்கலோடு மங்கல் சேர்ந்துகொள்ளும். இது தெரியாமல் பழக்கப்படி ஊசியை விளிம்பில் வைத்தால், நாடகம் ஒரு வினாடியிலேயே முடிந்துபோகும்!

விளக்கெண்ணெய் செய்யும் வேலை

நூற்றுக்கணக்கில் பிரதி தேவைப்பட்டால் உலோக அச்சு எடுத்து வினைல் தட்டுகளாக அழுத்துவார்கள். அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. நம் கையில் உள்ளது அந்த வகை அன்று. 1934ஐ ஒட்டி வந்த 'லாக்கர்' தட்டு: அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. வெட்டியவுடனே போட்டுக் கேட்கலாம். பள்ளத்திலிருந்து நூல்போல் சுருண்டு வரும் துகள் வெடிப்பஞ்சுக்குச் சொந்தக்காரன். பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

நைட்ரோசெல்லுலோஸ் தனியே இருந்தால் மொறமொறப்பாக இருக்கும், வெட்ட வராது. அதை மென்மையாக்க ஓர் எண்ணெய் சேர்த்தார்கள். என்ன எண்ணெய் தெரியுமா? ஆமணக்கு எண்ணெய். ஆம், நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். பல ஆண்டுகள் கழிந்தபின் அந்த எண்ணெய் சிதைகிறது. கொழுப்பு அமிலங்கள் மேற்பரப்புக்குக் கசிந்து வெண்மையாகப் படிகின்றன. நீங்கள் பார்த்த மாவு அதுவே. எண்ணெயை இழந்த பூச்சு சுருங்குகிறது. அடியில் உள்ள அலுமினியம் சுருங்குவதில்லை. ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால் என்ன ஆகும்? பூச்சு வெடித்து, செதில் செதிலாக உரியும். இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியம் முழுவதும் விமானங்களுக்குப் போய்விட்டது. அப்போது கண்ணாடியின் மேல் பூசினார்கள். அவை கை தவறினால் தூள்.

வெள்ளைப் படிவைத் தக்க கரைசலால் கழுவிவிடலாம். ஆனால் ஊசி? பழைய வானொலித் தட்டின் பள்ளம் அகலமானது, முனை 0.06 மி.மீ. ஆரம் உள்ள ஊசி வேண்டும். பின்னால் வந்த நீண்ட நேர இசைத்தட்டுகளின் ஊசி 0.025 மி.மீ. தான், அது பள்ளத்தின் அடியில் விழுந்து அழுக்கைத்தான் கிளறும். சரியான ஊசியே ஆனாலும், 2 கிராம் எடை 10 மைக்ரானுக்கு 10 மைக்ரான் சதுரத்தில் நிற்பதாகக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தைப் போல 2,000 மடங்கு வரும்!

இதை நான் பாடமாகப் படிக்கும் முன்பே பாவமாகச் செய்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு விடுமுறையில், தாத்தாவின் இசைத்தட்டு ஒன்றைத் தையல் ஊசி குத்திய காகிதக் கூம்பினால் ஒலிக்க வைத்தேன். மின்சாரம் இல்லாமல் பாட்டுக் கேட்டது, வீடே கூடிவிட்டது. பத்து முறை போட்டிருப்பேன். பதினோராம் முறை கரகரப்புத்தான் மிஞ்சியது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் துடைத்து உறையில் போட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

இரைச்சலே கடிகாரம்

ஊசியும் சரி, தட்டும் சுத்தம். இன்னொரு சிக்கல் உண்டு. பதிந்த கருவி அன்று உண்மையில் எந்த வேகத்தில் சுழன்றது? 33⅓ என்று பெயர். கருவி சற்று வேகமாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் போடும்போது வீரனின் குரல் கட்டையாகி, குதிரையும் சோம்பிவிடும். எண்பது ஆண்டு கழித்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல பொறியாளர் யாரும் விரும்பாத ஒன்று இங்கே உதவிக்கு வருகிறது. மின்சாரக் கம்பியிலிருந்து ஒலிப்பெருக்கிகளுக்குள் நுழையும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சலும் குரலோடு சேர்ந்து பள்ளத்தில் பதிந்திருக்கும். தட்டை 33⅓இல் ஓட்டும்போது அது 58.5 ஹெர்ட்ஸ் என்று வந்தால், தட்டை 60/58.5 மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும், அதாவது 34.2 சுற்று. அவ்வளவுதான்! நம் நாட்டில் இது 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றிப் பெட்டியின் ரீங்காரத்தைப் பாதுகாப்பான தொலைவில் நின்று கைபேசியில் பதிந்து, அலைமாலை காட்டும் செயலி ஒன்றில் போட்டுப் பாருங்கள். 100இல் ஒரு கோடு நிமிர்ந்து நிற்கும். 50 ஏன் 100 ஆயிற்று என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

வேகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம். 1860இல் பாரிஸில் ஸ்காட் டி மார்ட்டின்வில் என்பவர் புகைக்கரி பூசிய காகிதத்தில் ஒரு பாட்டின் அதிர்வைக் கோடாகப் பதிந்தார். பக்கத்திலேயே இசைக்கவை ஒன்றின் கோட்டையும் வரைந்துவைத்தார், காலத்தை அளக்க. 2008இல் அறிஞர்கள் அதை ஒலியாக மாற்றியபோது ஒரு சிறுமி பாடுவதுபோல் கேட்டது, உலகமே வியந்தது. மறு ஆண்டு தவறு தெரிந்தது. கவையின் அதிர்வெண்ணை இருமடங்காகக் கொண்டுவிட்டார்கள். வேகத்தைப் பாதியாக்கியதும் சிறுமி மறைந்து, மெதுவாகப் பாடும் ஓர் ஆண்குரல் வந்தது. பாடியவர் பெரும்பாலும் ஸ்காட்டே.

தொடாமல் கேட்பது

இனி விரிசல். உரிந்த பூச்சின் மேல் எந்த ஊசியையும் வைக்க முடியாது. இதற்கு வழி ஒலிப்பதிவுத் துறையிலிருந்து வரவில்லை. துகள் இயற்பியலிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற இயற்பியலாளர், துகள்களின் பாதையைப் பதியும் சிலிக்கன் உணரிகளை மைக்ரான் நுட்பத்தில் அளந்துகொண்டிருந்தார். அழியும் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி 2000இல் வானொலியில் ஒரு பேச்சைக் கேட்டார். 'நாம் அளக்கும் அதே கருவியால் ஒரு பள்ளத்தை அளந்தால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. விட்டாலி ஃபதேயெவ் என்பவரோடு சேர்ந்து தட்டை நுண்ணோக்கியின் கீழ் படம் படமாக எடுத்தார். படத்தில் பள்ளத்தின் ஓரம் ஒவ்வொரு கணமும் எவ்வளவு விலகுகிறது என்பதைக் கணினி கணக்கிடும். மின்காந்த ஊசித்தலை பள்ளத்தின் விலகலுக்கு ஏற்ப மின்னழுத்தம் தருவதில்லை. விலகும் வேகத்துக்கு ஏற்பத் தருகிறது. ஆகவே கிடைத்த எண்களை வகையிட்டால் ஒலி வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் 'இதனால் என்ன பயன் சார்' என்று கேட்கப்படும் அதே வகைநுண்கணிதம்.

முதலில் அவர்கள் எடுத்த தட்டுகளில் ஒன்று 1950இல் வந்த 'குட்நைட் ஐரீன்' என்ற பாட்டு. அதனால் கருவிக்கு 'ஐரீன்' என்றே பெயர். உடைந்த துண்டுகளைத் தனித்தனியே படமெடுத்துக் கணினியில் பொருத்திக்கொள்ளலாம்; கீறலைத் தாண்டிச் செல்லலாம். 1885இல் மெழுகுத் தட்டில் பதிந்த கிரகாம் பெல்லின் குரல் 2013இல் கேட்டது இந்த முறையினால்தான்.

ஆக, நம் தட்டுக்கு விடை இதுதான். பூச்சு உரியாமல் இருந்தால் முதலில் தட்டையும் காகிதத்தையும் படம் எடுங்கள், கழுவுங்கள், ஊசியைத் தேர்ந்து ஒரே ஒரு முறை ஓட்டி, அந்த ஒரு முறையிலேயே நுட்பமாக எண்முறையில் பதிந்துவிடுங்கள். விரிசல் பள்ளத்துக்குள் நுழைந்திருந்தால் ஊசி வேண்டாம், படம்தான். தள்ளிப்போடுவதும் நல்லதன்று, விளக்கெண்ணெய் காத்திருக்காது.

இப்படிக் காக்கப்பட்டவற்றில் 1941 ஏப்ரல் மாத நாடகங்களும் உண்டு. எட்டு ஆண்டுகள் வீரனாகப் பேசிய எர்ல் கிரேசர் அந்த மாதம் கார் விபத்தில் இறந்துபோனார். வேறு குரல் திடீரென்று வந்தால் பிள்ளைகள் ஏற்பார்களா? கதையில் வீரனுக்குக் காயம் பட்டது. சில நாடகங்களுக்கு அவன் முனகவும் கிசுகிசுக்கவும் மட்டுமே செய்தான்; கதையை டோண்டோ நடத்தினான். பிறகு பிரேஸ் பீமர் என்பவரின் குரலில் வீரன் எழுந்தான். தட்டு இல்லையென்றால் அந்தக் கிசுகிசுப்பை நாம் காகிதத்தில்தான் படித்திருப்போம்.

1933ஆம் ஆண்டுக் குரல்கள் மட்டும் இன்னும் வரவில்லை. அப்போது லாக்கர் தட்டே கிடையாது. ஆனால் வானொலியை வீட்டிலிருந்தே பதிய விரும்பிய சிலர், பூச்சில்லாத வெறும் அலுமினியத் தட்டில் கோடு பதித்தார்கள். அது உரியாது. அந்த ஆண்டில் யாரோ ஒருவர் தம் பெட்டியின் முன் அப்படி ஒரு தட்டைச் சுழலவிட்டிருந்தால், அது இன்னும் ஏதோ ஒரு பரணில் இருக்கலாம். உங்களுக்குக் கிடைத்தால் எஃகு ஊசியை வைத்துவிடாதீர்கள். மென்மையான அலுமினியத்தை அது உழுதுவிடும். அந்தக் காலத்தில் அவற்றுக்குக் கள்ளி முள்ளைச் சீவி ஊசியாக வைத்தார்கள்.