இத்தாலி ஸ்கூட்டரும் இடது காலும்
பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

செருப்பு வாங்கப் போனால் காலை நுழைத்துப் பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. சட்டைக்குத் துணி கொடுத்தால், தோளையும் கையையும் அளந்த பிறகுதான் தையற்காரர் கத்தரியை எடுக்கிறார். ஆனால் பல மாதச் சேமிப்பைக் கொடுத்துப் பழைய ஸ்கூட்டர் வாங்கும்போது மட்டும் பெயிண்டைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், என்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். தம் கால் தரையில் எட்டுகிறதா என்று பார்க்க மறந்து விடுகிறார்கள்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் சங்கடம் தெரிகிறது. சிக்னலில் நிற்கும்போது கால் தடுமாறுகிறது. பின்னால் மனைவி, முன்னால் காய்கறிப் பை என்று நிற்கும் வேளையில் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. பெங்களூர் மேடும் பள்ளமுமான ஊர். சமதளத்தில் சமாளித்து விடுபவரும் மேட்டில் திணறிப் போவார்.

ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு வெஸ்பாவும் லாம்பிரட்டாவும் புதியவை அல்ல. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் போய் வந்த தலைமுறைக்கு ஸ்கூட்டர் என்றாலே இந்த இரண்டு ஜாதிதான். அப்பா ஓட்டிய வண்டி என்ற பாசத்தால் சிலரும், தகட்டு உடம்பின் உறுதியை நம்பிச் சிலரும் இன்றும் இவற்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். அப்படித் தேடுவோர் முதலில் அளக்க வேண்டியது வண்டியை அல்ல; தம் காலை.

இத்தாலியிலிருந்து வந்த கதை

மோட்டோ குஸ்ஸி, டுகாட்டி போன்ற இத்தாலி மோட்டார் சைக்கிள்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அவை நம் ஊர் குமாஸ்தாவின் கைக்கு எட்டியவை அல்ல. இத்தாலி நமக்குத் தந்த வாகனம் ஸ்கூட்டர்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946ல் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவை வெளியிட்டது. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காத வாகனம். உடையில் எண்ணெய் படாமல், காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரும் வண்டியாக அதைச் செய்தார். அடுத்த ஆண்டே மிலான் நகரில் இன்னொசென்ட்டி நிறுவனம் லாம்பிரட்டாவைக் கொண்டு வந்தது.

இந்தியாவில் லாம்பிரட்டாவை பம்பாயில் ஏ.பி.ஐ. நிறுவனம் தயாரித்தது. 1960களில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமம் பெற்று வெஸ்பாவைத் தயாரித்தது. அந்த உரிமம் 1971ல் முடிந்தது. 1972ல் அதே அமைப்பில் சேட்டக் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. லாம்பிரட்டாவின் இயந்திரங்களை இந்திய அரசு விலைக்கு வாங்கி லக்னோவில் தொழிற்சாலை வைத்தது. அங்கிருந்து வந்ததுதான் விஜய் சூப்பர். 1980களில் கான்பூரிலிருந்து எல்.எம்.எல். வெஸ்பா வந்தது.

பதிவு செய்து விட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்த காலம் அது. கிடைத்த வண்டியே பெரும் பேறு. உயரம் பொருந்துகிறதா என்று யார் கேட்டார்கள்? இன்று அந்தக் கட்டாயம் இல்லை. பழைய சேட்டக் உற்பத்தி நின்று விட்டது. இப்போது அதே பெயரில் வருவது மின்சார வண்டி, அது வேறு. ஆகவே பழைய கியர் ஸ்கூட்டர் வேண்டும் என்பவர் நிதானமாகத் தேடலாம். நாலு வண்டி பார்த்து ஒன்றை எடுக்கலாம்.

இடது காலே அளவுகோல்

இந்த வண்டிகளில் கிளட்சும் கியரும் இடது கையில். பின் பிரேக் வலது காலடியில். மேட்டில் நின்று கிளம்பும்போது வலது கை ஆக்ஸிலேட்டரில் இருக்கும். இடது கை கிளட்சில் இருக்கும். வண்டி பின்னால் நழுவாமல் பிடிப்பது வலது காலின் பிரேக். அப்படியானால் தரையில் ஊன்ற மிஞ்சுவது இடது கால் ஒன்றுதான். வண்டியின் எடை சுமார் 100 கிலோ. பின்னால் இருப்பவரின் எடை தனி. இத்தனையும் அந்த ஒரு காலின் பொறுப்பு.

வெஸ்பாவில் இன்னொரு சங்கதி உண்டு. அதன் என்ஜின் வலப்பக்கம் இருக்கிறது. எடையும் அந்தப் பக்கமே சற்றுக் கூடுதல். இடது கால் நுனிவிரலில் நிற்பவர் கொஞ்சம் அசைந்தாலும் வண்டி வலப்பக்கம் சாயும். உடனே பிரேக்கை விட்டு விட்டு வலது காலை ஊன்ற வேண்டி வரும். மேட்டில் இது ஆபத்து. லாம்பிரட்டாவில் என்ஜின் நடுவில் இருப்பதால் இந்தச் சாய்வு இல்லை.

பழைய புல்லட் ஓட்டிப் பழகியவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நின்றால் ஊன்றுவது வலது கால். இத்தாலியின் பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. ஸ்கூட்டருக்கு மாறும்போது அந்தப் பழக்கத்தையும் மாற்றிக் கொள்ள வேண்டும்.

ஆகவே சோதனை எளிது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தினமும் போடும் செருப்போடு அதில் உட்கார வேண்டும். வலது காலைப் பிரேக்கில் வைத்துக் கொண்டு இடது காலை ஊன்ற வேண்டும். பாதத்தின் முன்பாதி நன்றாகப் பதிந்தால் போதும். குதிகாலும் பட்டால் மிக நல்லது. விரல் நுனி மட்டும் தொட்டால் அந்த வண்டியை விட்டு விடுவதே மேல். பிறகு ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, சிறு மேட்டில் நிறுத்தி இதையே மறுபடி பார்க்க வேண்டும்.

எட்டா, பத்தா?

ஒரே உயரமுள்ள இருவருக்குக் காலின் நீளம் ஒன்றாக இருப்பதில்லை. எனவே ஆளின் உயரத்தை வைத்து வண்டியை முடிவு செய்யக் கூடாது. சுவரை ஒட்டி நின்று, தொடைகள் சேரும் இடத்திலிருந்து தரை வரை அளந்து கொண்டால் அதுவே உண்மையான அளவு.

குள்ளமானவர்கள் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். பஜாஜ் 150, பஜாஜ் சூப்பர் வண்டிகளில் 8 அங்குலச் சக்கரம். சேட்டக், எல்.எம்.எல். வெஸ்பா, விஜய் சூப்பர் ஆகியவற்றில் 10 அங்குலம். சக்கரத்தின் குறுக்களவில் 2 அங்குலம் குறைந்தால் அச்சு ஓர் அங்குலம் தாழ்கிறது. கால் எட்டாதவருக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய உதவி. ஆனால் சிறிய சக்கரம் பள்ளத்தில் அதிகம் விழும், குலுக்கலும் அதிகம். இரண்டையும் எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சீட்டின் உயரத்தைப் போலவே அகலமும் முக்கியம். அகலமான நீள சீட் தொடையை விரித்து விடும். காலின் நீளத்தில் கொஞ்சம் அதிலேயே போய் விடும். பழைய மாதிரித் தனித்தனி சீட் முன்பக்கம் ஒடுங்கி இருப்பதால் கால் நேராக இறங்கும். உயரம் குறைந்தவர்களுக்கு அதுவே வசதி.

நெட்டையானவர்களின் தொல்லை வேறு. அவர்களுக்குக் கால் எட்டும், முழங்கால்தான் இடிக்கும். திரும்பும்போது ஹேண்டில்பார் முழங்காலில் தட்டுகிறதா என்று இருபக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்தகட்டின் உட்பக்கம் சாமான் பெட்டி உள்ள வண்டிகளில் இடம் இன்னும் குறையும். லாம்பிரட்டா ஜாதி வண்டிகள் நீளமானவை. நெட்டையானவர் அவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

சற்றே எட்டாத வண்டியானால் சீட்டைச் சரி செய்து கொள்ளலாம். சீட் தைப்பவரிடம் கொடுத்து, முன்பக்க ஓரங்களில் ஸ்பஞ்சைச் செதுக்கச் சொன்னால் போதும். நடுவில் அதிகம் குறைத்தால் இடுப்பு வலிக்கும். உதிரி சாமான்களுக்கு ஜே.சி. ரோடும் சிவாஜிநகரும் இருக்கின்றன.

ஆனால் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தச் சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்கக் கூடாது. வண்டி பள்ளத்தில் அடி தட்டும். ஸ்டாண்டு சரியாக நிற்காது. திருப்பத்தில் பிடிப்பு கெடும். ஓர் அங்குலத்தை மிச்சப்படுத்தப் போய் உயிரோடு விளையாடுவது அது.

ஸ்டாண்டு போட்டுப் பார்ப்பதும் கிக் அடித்துப் பார்ப்பதும் அவசியம். வீட்டு வாசல் குறுகலாக இருந்தால், படியேற்றி உள்ளே நிறுத்தும் வேலை தினமும் இரண்டு முறை உண்டு. அந்த எடையைத் தனி ஆளாகத் தள்ள முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவு பொருந்திய பிறகு

கால் பொருந்தினாலும் அவசரப்படக் கூடாது. வெஸ்பாவுக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தகட்டு உடம்பே சட்டம். கால் வைக்கும் தளம் துருப்பிடித்திருந்தால் எலும்பே உளுத்துப் போனது போல. மேட்டை விலக்கி, அடியில் குனிந்து பார்க்க வேண்டும். லாம்பிரட்டாவில் குழாய்ச் சட்டம் தனி. மேல் தகடு துருத்தால் மாற்றிக் கொள்ளலாம்.

கடைசியாகக் காகிதங்கள். ஓசூரிலோ வேலூரிலோ சொந்தக்காரரிடம் நல்ல வண்டி இருக்கிறது என்று ஓட்டிக் கொண்டு வந்து விடுகிறவர்கள் நம்மவர்களில் உண்டு. வெளிமாநிலப் பதிவு வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, படிவம் 28, தேவை. இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப் போகின்றனவா, ஆர்.டி.ஓ. கணினியிலும் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வண்டி பளபளப்பாக இருக்கலாம். விலையும் சல்லிசாக இருக்கலாம். விற்பவர் நெருங்கிய உறவாகவும் இருக்கலாம். ஆனால் மழை நாளில், மேட்டில், பின்னால் குடும்பத்தோடு நிற்கும்போது துணைக்கு வருவது இடது கால் ஒன்றே. அதன் சம்மதம் கிடைத்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.